மூணு கிலோ சேணமும் எங்க குதிரை முதுகும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை குதிரை சவாரி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ட்ரீலெஸ் சேடல், அதாவது உள்ள சட்டம் இல்லாத சேணம், லேசா இருக்கும் அதனால குதிரைக்கு சுகம்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அதே மாதிரி ஒரு வரிய நம்பி காசு போட்டவன் நான், அதான் எழுதுறேன்.

எங்கப்பா பினாங்கு டர்ஃப் கிளப்புல சைஸா, அதாவது குதிரை பாத்துக்கிற ஆளா இருந்தவரு. 1864ல ஆரம்பிச்ச கிளப்பு, 2025 மே மாசத்தோட ரேஸ் நின்னு போச்சு, சிங்கப்பூர்ல அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர்லயே முடிச்சிட்டாங்க. அப்படி ரேஸ விட்டு வந்த தோரோபிரட் சாதிக் குதிரை ஒண்ணு, குண்டு போனி (குட்டைக் குதிரை) ஒண்ணு, ரெண்டையும் பாலேக் பூலாவ் பக்கம் கூட்டாளியோட சேந்து வச்சிருக்கேன். பழைய தோல் சேணம் எட்டு கிலோவுக்கு மேல, தூக்கிப் போடுறப்பல்லாம் இடுப்பு போயிடும். ஆன்லைன்ல மூணு கிலோ சொச்சத்துல ட்ரீலெஸ் ஒண்ணு பாத்தேன், எந்தக் குதிரைக்கும் பொருந்தும்னு போட்டிருந்தான், வாங்கிட்டேன். ரெண்டுல ஒண்ணுக்கும் பொருந்தல.

சாதா சேணத்துக்குள்ள மரத்துலயோ ஃபைபர்லயோ ஒரு சட்டம் இருக்கும், அதத்தான் ட்ரீங்கறாங்க. நடு முதுகெலும்பத் தொடாம பாலம் மாதிரி நின்னு, ஏறுறவன் பாரத்த ரெண்டு பக்க சதைக்கும் பிரிச்சுக் குடுக்கிறதே அதுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு காவடி தூக்கினவங்களுக்கு சொன்னாப் புரியும், தோள்ல பட்டை வச்சு இடுப்புல பெல்ட்டும் போட்டா அம்புட்டு பாரத்தையும் தூக்கிட்டு நடந்துருவாங்க, அதே பாரத்த ஒரு கயித்துல கட்டி தோள்ல மாட்டினா நூறு அடி தாண்டாது. ட்ரீலெஸ்ல அந்த சட்டம் இல்ல, ஸ்டிரப், அதாவது கால் வைக்கிற வளையம், தொங்குற வார் சேணத்துக்கு மேலால குறுக்கே போகுது, நாம ஸ்டிரப்ல எந்திரிச்சு நின்னா கயிறு மாதிரி அந்த ஒரே இடத்துல அழுத்துது.

கூட்டாளி சொல்றாரு, ரேஸ் சேணம் ஒரு கிலோ கூட இருக்காதே, அது ஓடலையான்னு. ஐயா, ஜாக்கி உக்காரவே மாட்டான், ரெண்டு மூணு நிமிஷம் முட்டிய மடக்கி அந்தரத்துல நிப்பான். நான் 82 கிலோ, ஒரு மணி நேரம் அரிசி மூட்டை மாதிரி உக்காந்திருப்பேன்.

மூணாவது வாரம் தோரோபிரட் வயித்து வார் இழுக்கிறப்பவே காத மடக்கி என் கைய கடிக்க வந்துச்சு, முன்னாடி அப்படி பண்ணினதே இல்ல. அரை மணி நேரம் ஓட்டிட்டு சேணத்த எடுத்துப் பாத்தா நடு எலும்பு மேல வேர்வை சொதசொதன்னு இருக்கு, ஸ்டிரப் வார் போற இடத்துல ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவு மட்டும் காஞ்சு கிடக்கு. இருக்க வேண்டியது தலைகீழ், நடுவுல காத்து போயி காஞ்சிருக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே சீரா நனஞ்சிருக்கணும். காஞ்ச இடம் அழுத்தம் தாங்காத இடம்னு அப்பா சொல்லுவாரு, விட்டா அங்க வெள்ள முடி முளைக்கும், அந்த முடி திரும்ப கருப்பாகாது.

அடுத்தது அந்த வயித்து வார், கெர்த்னு சொல்லுவாங்க. முன்னங்காலோட முழங்கை மூட்டுக்கு நாலு விரல் பின்னால ஒரு பள்ளம் இருக்கும், கெர்த் எங்க கட்டினாலும் நடக்க நடக்க அங்கதான் போய் உக்காரும். இந்த சேணத்துல கெர்த்த மாட்டுற வார் நட்டநடுவுல, என் தொடைக்கு நேர் கீழ தொங்குது, அதனால கெர்த் பள்ளத்துக்குப் போறப்ப சேணத்தையும் தோள்பட்டை மேல இழுத்துட்டுப் போயிடுது. போனி கதை இதுக்கு நேர்மாறு. முதுகு பீப்பா மாதிரி, பிடிச்சு நிக்க மேடே இல்ல, தரையில இருந்து ஏறினேன், சேணம் சுத்தி வயித்துக்குப் போயிடுச்சு, நான் மண்ணுல. கூட்டாளி சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. சுத்தக் கூடாதுன்னு இறுக்கிக் கட்டினேன், ரெண்டே நாள்ல அக்குள்கிட்ட தோல் உரிஞ்சு புண்ணு, நம்ம ஊரு புழுக்கத்துல அது ஆற எத்தன நாளாச்சு தெரியுமா.

வித்தவன்கிட்ட கேட்டா சேணத்துக்கு அடியில தனியா பேட் (மெத்தை) போடணும்னு அப்புறமா சொல்றான். நடுவுல வழி விட்டு ரெண்டு பக்கமும் கனமான ஃபோம் வச்ச பேட், சேணத்து விலையில பாதி. சரின்னு அதையும் வாங்கினேன். ஜார்ஜ்டவுன்ல செருப்பு தைக்கிறவர்கிட்ட சேணத்த குடுத்து, கெர்த் மாட்ட முன்னால ஒரு வார், பின்னால ஒரு வார், கீழ ரெண்டும் சேர்ற மாதிரி வி வடிவத்துல தைக்கச் சொன்னேன், மேல் தோல்ல மட்டும் தைக்காம உள்ள இருக்கிற பட்டையோட சேத்து தைங்கன்னு பக்கத்துலயே நின்னேன், இல்லன்னா பாதி வழியில பிச்சுக்கும். இப்ப முக்காலி போட்டுத்தான் ஏறுறேன். தோரோபிரட்டுக்கு காஞ்ச இடம் சுருங்கியிருக்கு, முழுசா போகல. போனிக்கு பழைய சேணமேதான்.

ட்ரீலெஸ்ஸே மோசம்னு நான் சொல்லல, லேசான ஆளு, நல்ல பேட், சதை உள்ள முதுகு இருந்தா ஓடும். ஆனா விக்கிறவங்க ஒரு வாரம் போட்டுப் பாக்கக் குடுக்கலாம், அடுத்த தடவ நீங்களும் சேணத்து படத்தோட, அத கழட்டின பிறகு குதிரை முதுகு எப்படி இருக்குன்னும் ஒரு படம் போடுங்க. பேட் காசு, தையல் காசு, புண்ணு மருந்து எல்லாம் கூட்டிப் பாத்தேன், அந்தப் பணத்துக்கு பழைய சேணத்துக்கே புதுசா பஞ்சு அடைச்சிருக்கலாம்.

இப்படிக்கு,
சைஸ் மகன் ஒருத்தன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு