ஆவணம் இல்லாத பெற்றோரின் குழந்தைகளுக்கும் பிறப்புப் பதிவு கோரி மனு

அனுப்புநர்: மாலை வகுப்பு ஆசிரியை

பெறுநர்: பிறப்பு, இறப்புப் பதிவாளர் அவர்கள்

பொருள்: பெற்றோரிடம் ஆவணங்கள் இல்லை என்பதற்காகக் குழந்தையின் பிறப்புப் பதிவை மறுக்காதிருக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிழைப்புத் தேடி இடம் மாறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஏழு பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒரு சிறுமிக்கு என்ன வயது என்று கேட்டதற்கு, "வெள்ளம் வந்த வருஷம், மழை விட்ட மறுநாள் பிறந்தா" என்றார் அவள் அம்மா. தாய்க்கு அந்த நாள் மறக்கவில்லை. பதிவேட்டில்தான் அது இல்லை.

பதிவுக்காக அந்தத் தாய் மூன்று முறை அலைந்திருக்கிறார். முதலில் மருத்துவமனைச் சீட்டு கேட்டார்கள். பிரசவம் வீட்டில் நடந்தது. அடுத்து தகப்பனின் அடையாள அட்டை கேட்டார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. கடைசியில், தாய் எந்த நாட்டுக் குடிமகள் என்று நிரூபிக்கச் சொன்னார்கள்.

ஐயா, இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாருக்கு இந்தக் குழந்தை பிறந்தது என்று எழுதி வைப்பதுதான் பிறப்புப் பதிவு. குடியுரிமை உண்டா இல்லையா என்பது அப்புறம் சட்டப்படி முடிவாக வேண்டிய வேறு விஷயம். எங்கே, யாருக்குப் பிறந்தது என்பதற்குப் பதிவே இல்லையென்றால் அதை எதை வைத்து முடிவு செய்வது?

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, குழந்தை பிறந்த உடனேயே பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பெயருக்கும் குடியுரிமை பெறுவதற்கும் உள்ள உரிமையையும் அதே பிரிவு சொல்கிறது. எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் போகக்கூடிய குழந்தைகள் மீது தனிக் கவனம் வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. பெற்றோரின் நிலையைக் காட்டிக் குழந்தையிடம் பாகுபாடு கூடாது என்பது 2ஆவது பிரிவு. 2030க்குள் எல்லோருக்கும் சட்டபூர்வ அடையாளம் என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஆனாலும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகள் பதிவாகாமல் இருப்பதாக யுனிசெஃப் 2024இல் தெரிவித்தது.

வயதுக்குச் சான்று இல்லாத பிள்ளையை யாரும் எளிதாகப் பெரியவராக்கிவிடலாம். பதிமூன்று வயதுப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிக் கல்யாணம் செய்துவைத்தால், இல்லை என்று காட்ட அவளிடம் ஒரு காகிதமும் இருக்காது. வேலைக்கு அனுப்பப்படும் பையனுக்கும் இதே கதிதான். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

ஆகவே, வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாயின் வாக்குமூலத்தையும், பிரசவம் பார்த்தவர் அல்லது அக்கம்பக்கத்தினரின் சாட்சியத்தையும் ஏற்றுப் பதிவு செய்ய வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் தங்கள் ஊழியரை அனுப்பி விசாரியுங்கள். நானே கூட வருகிறேன். தகப்பன் விவரம் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடலாம். தாமதக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்ய வேண்டும். அந்தத் தாய்மார்களின் ஒரு நாள் கூலி ஏற்கெனவே ஒவ்வொரு அலைச்சலிலும் போயிருக்கிறது.

ஏழு பிள்ளைகளின் விவரங்களையும் தாய்மார்களின் வாக்குமூலங்களையும் இணைத்துள்ளேன். இம்முறையும் மறுக்க நேர்ந்தால், காரணத்தை எழுத்தில் தந்தால் மேல்முறையீடு செய்ய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலை வகுப்பு ஆசிரியை