வயலைத் திறந்துவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

கடந்த செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கோதுமை அறுவடை முடிந்து அடுத்த விதைப்புத் தொடங்குவதற்கு இடைப்பட்ட நாள்களில், எங்கள் நண்பர் குழுவினர் பதினான்கு பேர் மெட்டல் டிடெக்டர்களோடு ஒரு வயலில் இறங்கி மாலைவரை பழம்பொருள் தேடினோம். அன்று கிடைத்தவற்றைப் பதிவுசெய்யும் வேலை இப்போதுதான் நிறைவடைந்திருக்கிறது. அந்த நாள் நல்லபடியாக நடந்தேறத் துணைநின்ற ஒவ்வொருவருக்கும் எழுத்தில் நன்றி சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. வயலின் பெயரையோ பக்கத்து ஊரின் பெயரையோ இங்கே எழுத மாட்டேன். இரவில் அனுமதியின்றிப் புகுந்து தோண்டிக் களவாடுபவர்களால் இந்நாட்டு விவசாயிகள் படும் தொல்லை பெரிது. இடம் வெளியே தெரியக் கூடாது என்று பண்ணை உரிமையாளர் கேட்டுக்கொண்டதை இந்த மடலும் மதிக்க வேண்டும். ஆகவே ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்; உரியவர்கள் தம்மைத் தாமே இனங்கண்டுகொள்வார்கள்.

முதல் நன்றி பண்ணை உரிமையாளருக்கும் அவருடைய துணைவியாருக்கும் உரியது. முன்பின் அறியாத பதினான்கு தமிழர்களுக்கு, மூன்று தலைமுறையாகத் தம் குடும்பம் உழுதுவரும் நிலத்தைத் தோண்ட அனுமதித்த மனம் எளிதில் வாய்ப்பதன்று. கிடைப்பது எதுவானாலும் அதன் மதிப்பில் பாதி நில உரிமையாளருக்கும் பாதி கண்டெடுத்தவருக்கும் என்று ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி, அடுக்களை மேசையில் வைத்து எங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் கேட்டார் அம்மையார். அதன்பின் அவருடைய கணவர் நிலப்படத்தை விரித்து, வடிகால் குழாய்கள் ஓடும் தடங்களைக் குறித்துத் தந்தார். வயலின் ஒரு மூலையைச் சுற்றிச் சிவப்புக் கோடும் போட்டார். 1940ஆம் ஆண்டு வான்போரின்போது அங்கே ஒரு விமானம் விழுந்ததாக அவருடைய தந்தையார் சொல்லியிருக்கிறார். இராணுவ விமானங்கள் விழுந்த இடங்கள் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுபவை. தனி அனுமதிப் பத்திரம் இல்லாமல் அங்கே யாரும் தோண்டக் கூடாது. அந்தக் கோட்டை நாங்கள் நாள் முழுவதும் தாண்டவில்லை.

எங்களுக்கு இந்தக் கலையைப் பழக்கியவர், எழுபது வயதைக் கடந்த ஆங்கிலேய அயலவர் ஒருவர். அவரிடமிருந்த ஐந்து கருவிகளையும் எங்களுக்கு இரவல் தந்துவிட்டு, அன்று தாம் ஒரு கைத்தடியோடு மட்டும் வயலுக்கு வந்தார். தேடும் வட்டை நிலத்தோடு ஒட்டினாற்போல் வைத்து, ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் பாதியையாவது மூடும்படி மெல்ல நகர வேண்டும் என்பதையும், ஒலி கேட்ட புள்ளியிலேயே மண்வெட்டியை இறக்காமல் ஒரு சாண் தள்ளி இறக்க வேண்டும் என்பதையும், கையில் வந்த காசை விரலால் தேய்க்கவே கூடாது என்பதையும் அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். மண்ணோடு சேர்த்துத் தேய்க்கும் ஒரு நொடியில், எழுநூறு ஆண்டுகள் நிலைத்த எழுத்து அழிந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர் எங்கள் மனத்தில் பதித்தார். 1992ஆம் ஆண்டு நவம்பரில் சபோக் மாவட்டத்தின் ஹொக்ஸ்ன் கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனவர் எரிக் லோஸ். கருவி ஒலித்த இடத்தில் வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் தென்படத் தொடங்கியதும், மேலும் தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு அவர் அதிகாரிகளுக்கு அறிவித்தார். அதனால் தொல்லியலாளர்கள் வந்து, பெட்டிக்குள் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த ஒழுங்கு கலையாமல் அந்த உரோமானியப் புதையலை எடுக்க முடிந்தது. அதில் 14,865 காசுகள் இருந்தன. நான்கு மிளகுச் சிமிழ்களும் இருந்தன. மிளகு எந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறியது என்பதை எங்களுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. தொலைந்த சுத்தியலும் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்து எங்கள் குழுவிலேயே உள்ள ஒருவருக்கு, எல்லோர் சார்பிலும் நன்றி சொல்ல வேண்டும். இலங்கையில் போர் முடிந்த பின்னர் சில ஆண்டுகள் அங்குள்ள முகமாலைப் பகுதியில் மிதிவெடி அகற்றும் வேலை பார்த்தவர் அவர். இந்தக் கருவியின் ஒலி அவருக்குப் பொழுதுபோக்கின் ஒலி அன்று. முகக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்து, நாடா கட்டிய ஒடுங்கிய பாதையில் முழந்தாளிட்டு, ஒவ்வொரு தகரத் துண்டையும் வெடியாகவே எண்ணிப் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்த காலத்தின் ஒலி அது. எங்களோடு வர அவர் முதலில் தயங்கினார், நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் வந்தபின், பக்கவாட்டில் தோண்டும் கைப்பக்குவத்தை எங்களுக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். ஆங்கிலேய மூத்தவர் வாயால் விளக்கியது அவருடைய கையில் ஏற்கெனவே இருந்தது. இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை. என்றாலும் காலை முழுவதும் அருகருகே நடந்தார்கள்.

பதினொரு மணியளவில் வேலியோரம் பெரிய ஒலி ஒன்று கேட்டது. மண்ணைத் தூரிகையால் விலக்கியபோது துருப்பிடித்த இரும்பின் வளைந்த தோள் தெரிந்தது. நண்பர் கையை உயர்த்திய விதத்தில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். வந்த காலடித் தடத்திலேயே எங்களைத் திரும்பி நடக்கச் செய்து, பிள்ளைகளைப் பண்ணை வீட்டுக்கு அனுப்பிய பின்னரே அவர் பேசினார். உரிமையாளர் பொலிசாருக்குத் தகவல் கொடுத்தார். வந்த இரண்டு அலுவலர்கள் அதைப் படமெடுத்து வல்லுநர்களுக்கு அனுப்பிக் கேட்டார்கள்; பழைய நில உருளை ஒன்றின் உடைந்த துண்டு அது என்று ஒரு மணி நேரத்தில் உறுதியாயிற்று. வீணாக அழைத்துவிட்டோமே என்று நாங்கள் வருந்தியபோது, இப்படி அழைப்பதே சரி என்று சொல்லிச் சென்ற அந்த இருவருக்கும் நன்றி. அந்தத் துண்டு வெடிகுண்டாகவே இருந்திருந்தாலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அதற்கு நண்பருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

கிடைத்தவற்றில் பெரும்பகுதி பானத் தகரங்களின் இழுவளையங்களும் தோட்டாக்களின் அடிப்பகுதிகளும் இலாட ஆணிகளுமே. அவற்றையும் பொறுக்கி எடுத்துச் சென்றோம். நல்ல பொருள்களில் ஒன்று, பந்துபோல் வார்த்த வெண்கலச் சலங்கை. அதன் அடிப்பாகத்தில் ஆர், டபிள்யூ என்னும் இரண்டு எழுத்துகள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் வில்ட்ஷயரின் ஆல்ட்போர்ன் கிராமத்தில் மணி வார்த்த றொபேட் வெல்ஸின் குறி அது. குலுக்கியபோது உள்ளிருந்த இரும்புக் குண்டு இன்னும் ஒலித்தது. எங்கள் ஊர் வண்டில் மாட்டின் கழுத்தில் கேட்ட அதே சத்தம் என்று குழுவின் மூத்த அக்கா சொன்னார்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கண்டெடுத்த வெள்ளித் துண்டைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1247ஆம் ஆண்டு மன்னர் மூன்றாம் ஹென்றியின் காலத்தில், விளிம்பைச் சுரண்டித் திருடுவதைத் தடுப்பதற்காக, காசின் ஒரு பக்கத்தில் உள்ள சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டிப் பென்னிக் காசுகளை அடித்தார்கள். அரைப்பென்னியும் கால்பென்னியும் தனிக் காசுகளாக ஒழுங்காக வெளிவந்தது 1279, 1280ஆம் ஆண்டுகளில்தான். அதுவரை மக்கள் சிலுவைக் கோட்டின் வழியே முழுக் காசை வெட்டியே சில்லறை ஆக்கிக்கொண்டார்கள். அப்படி வெட்டிய பாதி ஒன்றுதான் அவளுடைய கைக்கு வந்தது. பெருவிரல் நகத்தின் அளவுகூட இல்லை. அதைத் தானே பையில் இட்டு, தொலைபேசி காட்டிய இட எண்களைக் குறித்து, மேலே தமிழில் ‘அரைக் காசு’ என்று எழுதினாள்.

அந்த இட எண்களின் அருமையை எங்களுக்கு உணர்த்தியவர், இப்பகுதியின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர். 1997ஆம் ஆண்டு தொடங்கிய பழம்பொருள் பதிவுத் திட்டத்தின் சார்பில் பணிபுரியும் அவர், எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒன்பது பொருள்களைத் தரவுத்தளத்தில் சேர்க்கத் தேர்ந்தெடுத்தார். சிறுமியின் பையில் இருந்த எழுத்து என்ன என்று கேட்டு, வாசித்துக் காட்டச் சொல்லி, அதைத் தம் குறிப்பேட்டில் பார்த்து எழுதிக்கொண்டார். ஏழு ஈயத் துப்பாக்கிக் குண்டுகளைத் தனித்தனியே பார்த்தால் மதிப்பு ஒன்றும் இல்லை. எண்களின்படி படத்தில் புள்ளியிட்டபோது, ஆறு குண்டுகள் பழைய வேலிக் கோட்டை ஒட்டி வரிசையாக விழுந்திருப்பது தெரிந்தது. வேட்டையா, பயிற்சியா, மோதலா என்று அவர் அவசரப்பட்டு முடிவு கூறவில்லை. ஆனால் எடுத்த இடத்தைக் குறிக்காமல் பையில் கொட்டியிருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்கவே யாராலும் முடிந்திராது. பழம்பொருளை வீட்டு அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக மட்டும் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

என் மருமகன் கண்டெடுத்த, பொன்முலாம் பூசிய 16ஆம் நூற்றாண்டு வெள்ளி ஆடைக்கொக்கியைத் தொடர்பு அலுவலர் தனியே எடுத்து வைத்தார். 300 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும், எடையில் பத்தில் ஒரு பங்கேனும் பொன்னோ வெள்ளியோ கொண்டதாகவும் உள்ள, காசு அல்லாத பொருள், 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி புதையல் ஆகும். 14 நாள்களுக்குள், புதையல்களையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தொடர்பு அலுவலரே வரிவரியாக விளக்கி நிரப்ப உதவினார். உள்ளூர் அருங்காட்சியகம் கொக்கியை விரும்பினால், கிடைக்கும் சன்மானத்தில் தம் பாதி வேண்டாம் என்று பண்ணை உரிமையாளர் முன்வந்தார். மருமகனும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டான்.

புளிச்சாதமும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்த அக்காமாருக்கும், மாலையில் ஒவ்வொரு குழியையும் மிதித்துச் சரிபார்த்த தம்பிமாருக்கும் நன்றி.

முகமாலை நண்பருக்கு அன்று கிடைத்தது, 1797ஆம் ஆண்டுச் செப்புப் பென்னி ஒன்று. ஓர் அவுன்ஸ் எடையில், தடித்த விளிம்போடு இருந்ததால் அதை வண்டிச்சக்கரப் பென்னி என்பார்கள். பேர்மிங்ஹாமில் மத்தேயு போல்டனின் சோகோ நாணய அடிசாலையில் நீராவி இயந்திரத்தால் அடிக்கப்பட்ட காசு அது. அடுத்த வாரம் மூத்தவர் ஒரு சிறு உறையோடு நண்பரின் வீட்டுக்கு வந்தார். உள்ளே இருந்தது, அதே அடிசாலையில் 1808ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை மாகாணத்துக்காக அடித்த பத்துக் காசு நாணயம். அதை ஏற்றிய அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இதே கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கியது. எங்கள் ‘காசு’ என்னும் சொல்லே ஆங்கில எழுத்தில் அதன்மேல் பொறித்திருப்பதைக் காட்டிவிட்டு, இது உங்களிடம் இருக்க வேண்டியது என்று சொல்லி அவர் நண்பரின் கையில் வைத்தார்.

பண்ணை உரிமையாளருக்கு ஒரு வார்த்தை. அன்று எடுத்த அனைத்தும் இடக்குறிப்போடு அடங்கிய பதிவேட்டின் பிரதி தயாராகிவிட்டது. வரும் சனிக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறோம். சரியாக மூடப்படாத குழி எதையேனும் அதற்கிடையில் கண்டால் குறித்து வையுங்கள், மண்வெட்டியோடு வருகிறோம்.

மிக்க நன்றியுடன்,
பதினான்கு பேரின் சார்பில்