பழைய எஸ்.யு.வி. எடுக்கும் முன்: நெடுஞ்சாலைக்கும் தோட்டப் பாதைக்கும் ஒரே வண்டி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாரம் ஒருமுறை சேலத்திலிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்வர வேண்டும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கோ கொல்லிமலை மிளகுத் தோட்டத்துக்கோ ஏற வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி, அதுவும் பழைய வண்டியாக எடுக்க வேண்டும். இந்தத் தேவையோடு எங்களிடம் வருகிறவர்களுக்காகத்தான் இந்த மடல்.

வந்தவுடன் பலரும் கேட்பது, "4 வீல் டிரைவ் இருக்கிறதா?" என்பது. நாங்கள் திருப்பிக் கேட்பது, "எந்த மண்ணில் இறக்கப் போகிறீர்கள்?" என்பது. காய்ந்த செம்மண், சரளைக்கல், மேடு பள்ளமான தோட்டப் பாதை என்றால் 200 மி.மீ. அளவுக்குத் தரை இடைவெளியும் நல்ல டயரும் உள்ள, இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2 வீல் டிரைவ் வண்டியே போதும். அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறோம். மழையில் வழுக்கும் ஏற்றம் என்றால் நான்கு சக்கரத்துக்கும் இழுவை வேண்டும். பாறை நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்தான பாதையில் மூட்டை ஏற்றிக்கொண்டு நத்தை வேகத்தில் ஏறி இறங்க வேண்டுமென்றால்தான் லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) கட்டாயம். கரிசல் மண் தனி வகை. அது டயரின் பள்ளங்களில் அப்பி, டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். சாதாரண ரோட்டு டயர் போட்டிருந்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றுமே தவிர வண்டி நகராது.

வண்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் '4x4', 'ஏ.டபிள்யூ.டி.' என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான்கு சக்கர இழுவையில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் முன்சக்கரங்களே எப்போதும் இழுக்கும். அவை வழுக்கும்போது பின் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டிக்கு) முன்னால் உள்ள மின்காந்த கிளட்ச் பிடித்துப் பின்சக்கரங்களுக்கும் விசை தரும். ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. (ஆல் வீல் டிரைவ்) இந்த வகை. இரண்டாம் வகையில் 4 வீலில் போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி இறுக்கமாகப் பூட்டிவிடும். பழைய ஸ்கார்பியோவும் சஃபாரி ஸ்டார்மும் அப்படி. இந்த வண்டிகளைக் காய்ந்த தார் ரோட்டில் 4 வீலில் ஓட்டவே கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் சுற்ற வேண்டும். தார் ரோட்டில் டயர் வழுக்கிக்கொடுக்காது என்பதால் அந்த வித்தியாசம் முறுக்காக உள்ளேயே தங்கி, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் செயினையும், சுழல்தண்டின் மூட்டான கிராஸையும் தின்றுவிடும். முந்தைய உரிமையாளர் "மழைக்காலத்தில் எப்போதும் 4 வீலில்தான் ஓட்டுவேன்" என்று பெருமையாகச் சொன்னால், அந்த வண்டியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸை இரண்டு முறை பாருங்கள்.

இனி வண்டிகளுக்கு வருவோம்.

ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு நெடுஞ்சாலை என்றால் நாங்கள் முதலில் காட்டுவது டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. 2014 அக்டோபரில் வந்தது. சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஒரகடத்தில் தயாரானது. 1.5 லிட்டர் டீசல், 110 குதிரைத்திறன், 6 கியர், 210 மி.மீ. தரை இடைவெளி. 2 வீல் டஸ்டரில் இல்லாத தனித்தனி பின் சஸ்பென்ஷன் இதில் உண்டு. அதனால்தான் உடைந்த ரோட்டில் அவ்வளவு நிதானமாகப் போகிறது. லோ ரேஞ்ச் கிடையாது. அதற்கு ஈடாக முதல் கியரைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் லாக்கில் போட்டாலும், வேகம் கூடினால், தேவைக்கு மட்டும் பின்சக்கரத்தைச் சேர்க்கும் ஆட்டோவுக்குத் தானே திரும்பிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தபோது டீசலோடு ஏ.டபிள்யூ.டி.யும் நின்றுபோனது. பிறகு வந்த பெட்ரோல் டஸ்டர்களில் 4 வீல் இல்லை.

இந்த டஸ்டரில் நாங்கள் மிகவும் அஞ்சுவது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைவாக இயக்கும் பெல்ட். இந்த எஞ்சினுக்கு செயின் இல்லை, பெல்ட்தான். அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி, வால்வு வளைந்து, ஹெட்டையே இறக்க வேண்டிவரும். அறுவதற்கு முன் எந்தச் சத்தமும் கொடுக்காது. பெல்ட் மாற்றிய பில், தேதியும் கிலோமீட்டரும் போட்டு, கையில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். பில் இல்லையென்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வண்டியை எடுத்த வாரமே மாற்றிவிடுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். இன்னொன்று: எஞ்சின் சாமான்கள் பல ரெனோ, நிசான் கார்களுக்குப் பொதுவானவை. ஏ.டபிள்யூ.டி.க்கு மட்டும் உரிய மின்காந்த கிளட்சும் பின் டிஃபரன்ஷியலும் அப்படியல்ல. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவை எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லோ ரேஞ்ச் உண்மையிலேயே வேண்டியவர்களுக்கு இரண்டு வண்டிகள். மஹிந்திரா ஸ்கார்பியோவில் 2014-க்குப் பிந்தைய உருவத்தை எடுங்கள். அதற்கு முந்தையவற்றைவிட நெடுஞ்சாலையில் அடக்கமாக நிற்கும். 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சின் முதலில் 120, 2017 முதல் 140 குதிரைத்திறன். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்த எஞ்சின் பழக்கம். உயரமான வண்டி, ஆட்டம் உண்டு. 90, 100-க்கு மேல் வளைவில் வேகம் பிடித்தால் பின்சீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவுக்கு 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத ரகத்தை, எவ்வளவு மலிவாக வந்தாலும், நெடுஞ்சாலைக்காக எடுக்க வேண்டாம். பின்னால் பக்கவாட்டில் உள்ள சீட்டுகளில் குழந்தைகளை உட்கார வைத்து நீண்ட தூரம் போகவும் வேண்டாம்.

டாடா சஃபாரி ஸ்டார்ம் 2012 முதல் 2019 வரை வந்தது. 2015 இறுதியில் வந்த வேரிகோர் 400 எஞ்சினையே தேடுங்கள். 400 நியூட்டன் மீட்டர் இழுவை, 6 கியர். கிட்டத்தட்ட 2 டன் எடை. அந்த எடையால் நெடுஞ்சாலையில் கப்பல் மாதிரி போகும். அதே எடை ஈர மண்ணில் புதையவும் வைக்கும், தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கையும் சூடாக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக் பிழைக்கும். 2017-இல் வந்த ஹெக்ஸாவும் அதே எஞ்சின்தான். சவாரிக்கு அருமையான வண்டி. ஆனால் அதன் 4 வீலில் லோ ரேஞ்ச் இல்லை, ஆட்டோமேட்டிக்கில் 4 வீலே இல்லை. 19 அங்குல டயரின் மெல்லிய பக்கச்சுவர் தோட்டத்துக் கல்லில் எளிதாகக் கிழியும்.

ஜீப் காம்பஸ் 2017-இல் வந்தது. 173 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது இந்தப் பட்டியலில் இதற்கு இணை இல்லை. யூரோ என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கிய கட்டுமானம். ஆனால் சாதாரண ரகங்களில் தரை இடைவெளி 178 மி.மீ.தான். ட்ரெயில்ஹாக் என்ற ரகம்தான் மண்ணுக்கு ஏற்றது. இதன் டீசல் எஞ்சினுக்கும் டைமிங் பெல்ட்தான், ஆகவே மேலே டஸ்டருக்குச் சொன்ன பில் இங்கேயும் வேண்டும். பி.எஸ்.6 டீசல் எடுக்கிறவர்கள் டவுனுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு நெடுஞ்சாலை ஓட்டம் இருந்தால் அந்தத் தொல்லை இராது. 2022 ஜூனில் வந்த ஸ்கார்பியோ-என் 4 வீலும் இப்போது கைமாறி வரத் தொடங்கிவிட்டது. பணம் இருந்தால் தயங்க வேண்டாம். லோ ரேஞ்சும் 5 நட்சத்திரமும் ஒரே வண்டியில் கிடைக்கிறது.

எந்த வண்டியாக இருந்தாலும் பார்க்கும் முறை ஒன்றே. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், பேனட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடானபின்பும் நிற்காத வெள்ளைப்புகை இன்ஜெக்டரையோ ஹெட் கேஸ்கட்டையோ காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடி துள்ளி, புகை வேகமாகப் பீறிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். இந்த வேலைக்கு ஒதுக்கும் அரை மணி நேரம்தான் உங்கள் பணத்தைக் காக்கும். கீழே கீறல் இருப்பது குற்றமில்லை. மண்ணில் ஓடிய வண்டிக்கு அது இயல்பு. சேஸிஸில் புது வெல்டிங், ஒரு பக்கம் மட்டும் புதுக் கருப்புப் பெயின்ட், வளைந்த லோயர் ஆர்ம், நசுங்கிய டீசல் டேங்க் ஆகியவைதான் கவலை. பின் டிஃபரன்ஷியல் பிளக்கைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயில் எடுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும். டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் மண்ணால் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். பேரிங்கில் துரு ஏறியிருந்தால் சரியாகாது. 60, 70 வேகத்தில் ஊளையிடும் சத்தம் அதைச் சொல்லிவிடும்.

4 வீலை மண்ணில் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். டேஷ்போர்டில் 4 வீல் விளக்கு எரிவது மட்டும் போதாது. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாத 4 வீலில், அதை மாற்றிப் போடும் ஷிஃப்ட் மோட்டார் இறுகிப்போயிருக்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து லோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் மாறவில்லை என்று பொருள். டஸ்டரில் முன்சக்கரங்களை ஈர மணலில் நிறுத்தி, லாக் போட்டு மெதுவாக எடுங்கள். பின்சக்கரம் தள்ளுவது உடனே தெரியும். நான்கு டயரும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். இரண்டு புதியதும் இரண்டு மொட்டையும் கலந்து ஓட்டியிருந்தால் சுற்றளவு வித்தியாசத்தால் அந்த மின்காந்த கிளட்ச் ஓயாமல் சூடேறியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அவற்றில் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மண்கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். சீட் தண்டவாளத்தின் துருவையும் கால்விரிப்புக்கு அடியிலுள்ள பஞ்சின் வாசனையையும் பாருங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியதை 100 வேகத்தில் நம்ப வேண்டாம். நெடுஞ்சாலை அதிகம், மண் குறைவு என்றால் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயர் போதும். சேற்றுக்கென்றே செய்த எம்.டி. டயர் சத்தம் போடும், ஈர ரோட்டில் பிரேக் தூரத்தைக் கூட்டும். ஆற்று மணலில் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றியபிறகே வேகமெடுங்கள். ஒரு சிறு கம்ப்ரசரும் அளவுமானியும் வண்டியிலேயே இருக்கட்டும். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டிய வண்டியானால் கழற்றிவிட்டுத்தான் எடுங்கள். அது சட்டப்படி தடை, ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கும்.

காகிதத்தில் ஒரு சின்ன நுட்பம். பழைய இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் தள்ளுபடி எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 வரை ஏறும். ஆறு வருடமாக ஒரு கீறலும் இல்லை என்று சொல்லும் வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால் காரணம் கேளுங்கள். கடன் இருந்த வண்டிக்கு வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ம் வேண்டும். வெளிமாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று பெறும் படிவம் 28-ம், இங்கே மறுபடி கட்ட வேண்டிய சாலை வரியும் உண்டு. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக வரும். வரியைக் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள். எல்லா ஆயில்களும், பிரேக் ஆயிலும், கூலண்டும், புஷ்களும், தேவையானால் டயரும் முதல் மூன்று மாதத்தில் அதைக் கேட்கும். எங்களிடம் எடுத்தாலும் வெளியே எடுத்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அழைத்து வரலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், சர்வீஸ் பில்கள் மூன்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். முந்தைய நாளே சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணிக்குள், எஞ்சினை இரவு முழுக்க ஆறவிட்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து
சேலம்