அலமாரிக்குள் வந்து நின்றவன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஓர் ஆண்டுக்கு மேல் ஓட்டிவிட்டேன். நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதுதான் காரணம். இப்போது வந்திருக்கிறது. செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளக்குக்காரன் திரும்பி வந்துவிட்டான். மைன்கிராஃப்ட் என்ற, கனசதுரப் பிளாக்குகளால் உலகம் கட்டும் விளையாட்டில், நம் சர்வரில் கலங்கரை விளக்கம் கட்டியவன்; பதினான்கு மாதங்களுக்கு முன் நூலகத்தை வெடிவைத்துத் தகர்த்ததற்காக நான் தடை செய்தவன். போன சனிக்கிழமை இரவு நானே தடையை நீக்கினேன்.

மூன்று வாரங்களுக்கு முன் அவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏழெட்டு வரிதான். அன்று வாய்ஸ் சாட்டில் இரண்டு பேர் அவன் கலங்கரை விளக்கத்தை எவ்வளவு நேரம் கேலி செய்தார்கள் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நூலகம் மறுபடி எழும்பிவிட்டதா? அவர் எழுதி வைத்த புத்தகங்கள் கிடைத்தனவா?" என்று கேட்டிருந்தான். கடைசி வரியில்தான், வரலாமா என்று. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தன் கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறதா என்று கூட அவன் கேட்கவில்லை.

அன்றிரவு சர்வரின் கோப்புகளைத் திறந்து தடைப்பட்டியலைப் பார்த்தேன். மைன்கிராஃப்டில் அது ஒரு சின்ன உரைக் கோப்பு. யாரை, எப்போது, யார் தடை செய்தது, எதுவரை, ஏன் என்று வரிவரியாக இருக்கும். தடை செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். காரணம் என்ற இடத்தில் "ஓர் ஆபரேட்டரால் தடை செய்யப்பட்டார்" என்று மட்டும்; ஆபரேட்டர் என்றால் சர்வரை நிர்வகிப்பவர். எதுவரை என்ற இடத்தில் "என்றென்றும்". நண்பா, அந்த "என்றென்றும்" என்ற சொல்லை நான் எழுதவில்லை. தடைக் கட்டளையில் காலம் குறிப்பிட இடமே கிடையாது; நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் காரணத்தையும் அதுவே போட்டுக்கொள்ளும். கோபத்தில் ஒரு வரி தட்டினேன், மீதியைச் சர்வர் நிரப்பியது. அதை வைத்துக்கொண்டுதான் பதினான்கு மாதமாக, யோசித்து வழங்கிய தீர்ப்பு என்று எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன். "தண்டனை கொடு, ஆனால் அதற்கு ஒரு தேதி போடு" என்று நீ எழுதியிருந்தாய். நான் தேதி போட மறுத்ததால்தான் நீயும் விலகினாய். பாண்டவர்களுக்குக்கூடப் பன்னிரண்டு ஆண்டு வனவாசம், ஓர் ஆண்டு அஞ்ஞாதவாசம் என்று கணக்கு இருந்தது. நான் அந்தக் கணக்கைக்கூடக் கொடுக்கவில்லை.

தடையை நீக்கும் கட்டளைக்கு அந்த விளையாட்டில் என்ன பெயர் தெரியுமா? "பார்டன்". மன்னிப்பு! எத்தனையோ முறை பார்த்த சொல்தான், அன்று தட்டச்சு செய்யக் கை வரவில்லை. மன்னிக்க வேண்டியவன் நானா? தகர்ந்தது என் நூலகம் அல்லவே.

அதனால் முதலில் நூலகத்துக்குச் சொந்தக்காரியிடம் போனேன். பேக்கப்பிலிருந்து அந்தப் பகுதியின் கோப்பை மட்டும் எடுத்து வைத்தோம், நினைவிருக்கிறதா? 512-க்கு 512 பிளாக் பரப்பு, ஆறு நாள் பழையது. கட்டடம் அப்படியே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆறு நாளில் அவள் எழுதி முடித்திருந்த இரண்டு புத்தகங்கள் வரவில்லை. நம் சர்வரின் முதல் குளிர்காலத்தைப் பற்றி அவள் எழுதியவை. "நூலகம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன" என்று அப்போது நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டேன். அவள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தாள். "புத்தகங்களைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவன்தான்" என்றாள். பிறகு ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், "வரட்டும். வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினாள்.

மற்றவர்களிடம் சொன்னபோது சத்தம் கிளம்பியது. ஒருவர், அவன் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். இன்னொருவர் வாணவேடிக்கை வைத்து வரவேற்கலாம் என்றார். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தின் நடுவில் நிறுத்திக் கேட்க வைக்கும் மன்னிப்பில் கேட்பவனின் மனம் இருக்காது. பார்ப்பவர்களின் திருப்திதான் இருக்கும். வாணவேடிக்கை என்றால், நடந்ததை நடக்காததாக ஆக்குவது; அது அவளுக்குச் செய்யும் அநியாயம். அவனை மட்டும் தனியாகக் கண்காணிக்க வேண்டும் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. யார் எந்தப் பிளாக்கை உடைத்தார் என்ற பதிவு எல்லோருக்கும் இருக்கிறது, என்னையும் சேர்த்து. அவனுக்கும் அது போதும். இதில் வருத்தப்பட்டு ஒருவர் ஒதுங்கியிருக்கிறார். அவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

1993-இல் லாம்டாமூ என்ற, வெறும் எழுத்தால் ஆன இணைய உலகத்தில் நடந்ததை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். மற்றவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவனின் கணக்கை அங்கே அழித்தார்கள். கொஞ்ச நாளில் அவன் வேறு பெயரில் வந்து நின்றான். அங்கே செய்தது இதைவிட மிகக் கொடியது, இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டேன். வாசல் மூடியிருந்தால் ஜன்னல் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் பையனும் இன்னொரு கணக்கு வாங்கி, முகம் தெரியாமல் நுழைந்திருக்கலாம். செய்யவில்லை. வெளியே நின்று, சொந்தப் பெயரில் கேட்டான்.

இனி சனிக்கிழமை இரவு. அவள் நூலகத்துக்குள் காத்திருந்தாள். நான் வாசலில். சாட்டில் மஞ்சள் எழுத்தில் அந்த வரி வந்தது, அவன் உள்ளே வந்துவிட்டான் என்று. ஆளைக் காணவில்லை. அடி வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது, அரை நொடிக்கு ஒருமுறை.

எனக்கு உறைக்கவே சில கணங்கள் ஆயின. விளையாட்டு ஒருவரைக் கடைசியாக நின்ற இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். அன்று எல்லாம் வெடித்துச் சிதறிய பிறகு, நீ பிடிவாதமாகப் போட்ட, வெடிக்கு அசையாத அப்சிடியன் கல் தரை மட்டும்தான் மிஞ்சியது. அந்தத் தரையின் நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தபோதுதான் தடை செய்தேன். அந்த இடத்தில் இப்போது அவள் மூன்று அடுக்காகப் புத்தக அலமாரிகளை நெருக்கி வைத்திருக்கிறாள். நடு அடுக்குக்குள் அவன். பிளாக்குக்குள் தலை சிக்கினால் மூச்சுத் திணறி அடி விழும்; உயிரைக் காட்டும் பத்து இதயங்களும் தீரப் பத்து நொடி போதும்.

அவள்தான் முதலில் ஓடினாள். கோடரியால் வெளி அலமாரியை உடைத்தாள், அடுத்து அவன் தலை இருந்த அலமாரியை. அவன் முகம் தெரிந்தது. ஒவ்வொரு அலமாரியிலிருந்தும் மூன்று மூன்றாகப் புத்தகங்கள் கீழே விழுந்தன. அருகில் நிற்பவனிடம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, பாதி அவனிடம் போய்விட்டன. அவன் அசையாமல் நின்றான். பிறகு ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அவள் காலடியில் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. சாட்டில் ஒரே வரி எழுதினான்:

"அலமாரி செய்யப் பலகை வேண்டுமே. என்னிடம் இருக்கிறது."

பதினான்கு மாதங்களாக அவன் பையில் கிடந்த பலகைகள். ஓர் அலமாரிக்கு ஆறு பலகை, மூன்று புத்தகம். அவன் பலகைகளைப் போட்டான், அவள் இரண்டு அலமாரிகளைச் செய்து அதே இடத்தில் வைத்தாள். நான் வாசலை விட்டு நகரவில்லை. ஏன் உடைத்துக்கொண்டு வெளியே வரவில்லை என்று பிறகு கேட்டேன். "நூலகத்தில் மறுபடி எதையும் உடைக்கக் கூடாது என்று நினைத்தேன்" என்றான்.

அதன் பிறகு நடந்தவை சாதாரணமானவை, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஞாயிறன்று ரயில்பாதைக்கு யாரோ இரும்பு கேட்டார்கள், அவன் கொண்டுபோய்க் கொடுத்தான். நேற்று அவள் தொலைந்த இரண்டு புத்தகங்களில் ஒன்றை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறாள். முதல் குளிர்காலத்தில் அவனும் இருந்தான் என்பதால், எந்தப் பாலத்தை முதலில் கட்டினோம் என்று அவனிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். இருவருக்கும் அதில் கருத்து வேறுபாடு. உன்னைக் கேட்டால்தான் தீரும் என்கிறார்கள்.

உன் பெயரை அனுமதிப் பட்டியலிலிருந்து நான் எடுக்கவே இல்லை. நீ கடைசியாக எங்கே நின்றாய் என்றும் தேடிப் பார்த்துவிட்டேன்: கலங்கரை விளக்கத்தின் மேல்படி. அங்கே யாரும் எதுவும் கட்டவில்லை. இந்தச் சனிக்கிழமை இரவு நாங்கள் எல்லோரும் இருப்போம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பழைய கூட்டாளி