குழிக்கு ரசீது கேட்காதீர்கள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், தாராபுரம் வட்டாரத்துச் சபைகளின் ஆயர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் 22 வருஷமாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். சபையில் எனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பெயர் இருக்கிறது, சந்தா பாக்கி இல்லை. சந்தாவை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது.

என் டேபிளுக்கு எதிரே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் அயர்னிங். ஒரு நாள் மத்தியானம் அவள் போனில் தன் அம்மாவோடு பேசி முடிக்கும்போது "யீசு சஹாய்" என்றாள். 'யீசு' என்று காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். நாம் ஸ்தோத்திரம் சொல்வதைப் போல அவர்கள் சொல்வது அது. ராஞ்சியில் 1845-ல் ஜெர்மன் மிஷனரிகள் வந்து தொடங்கிய கோஸ்னர் லுத்தரன் சபை அவர்களுடையது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சிம்டேகாவில் 2011 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள். நாம் 'வடக்கத்தி ஆளுங்க' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனையோ பேர் நாலைந்து தலைமுறையாக வேதம் வாசிக்கிற வீட்டுப் பிள்ளைகள்.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் சிலருக்கு அதில் ஆர்டரே போயிருக்கும். எங்கள் கம்பெனியில் ஒண்ணரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்தில் நாலு நாள் ஆனது. சனிக்கிழமைச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே பற்றவில்லை. அப்படி இருந்த அக்டோபர் மாதத்தில்தான் அவர்களுடைய பையனுக்குக் காய்ச்சல் கண்டது. 11 மாதக் குழந்தை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான், சனிக்கிழமை சாயங்காலம் இறந்துபோனான்.

ஊருக்குக் கொண்டுபோவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தன்பாத் எக்ஸ்பிரஸில் ஆள் போய்ச் சேரவே இரண்டு ராத்திரி ஆகிறது; ஆம்புலன்ஸுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? "அக்கா, நம்ம சர்ச்ல கேட்டுப் பாருங்க" என்று அவள்தான் சொன்னாள். 'நம்ம' என்றாள். உடைந்த தமிழில் அந்த ஒரு வார்த்தையைச் சரியாகச் சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழிக்கு இடம் கேட்டேன். எந்தச் சபை, எந்தச் செயலாளர் என்று எழுத மாட்டேன். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ரூல் அப்படிங்க்கா. மெம்பரா இருக்கோணும், சந்தா ரசீது இருக்கோணும், இல்லீன்னா சொந்தச் சபையில இருந்து கடிதம் வேணும். நான் என்னங்க பண்றது?" ஆயர் ஊரில் இல்லை. தகப்பன் போனில் இருந்த ஞானஸ்நானச் சான்றின் போட்டோவைக் காட்டினார். அது இந்தியில் இருந்தது. வாசலில் நின்ற நாலு பேரில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. கேட்டைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நம் ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஊர் மயானத்தில் ஒரு ஓரமாகக் குழி தோண்டினோம். கூட வந்தவர்கள் ஆறு பேர். ஆட்டோ ஓட்டி வந்த முருக பக்தர் ஒருவரும் மண்வெட்டி பிடித்தார். பிள்ளையைச் சுற்றியிருந்தது கம்பெனியில் கேட்டு வாங்கிய வெள்ளை இன்டர்லாக் துணி. அதன் ஓரத்தில் ஊசி விட்ட ஓட்டை ஒன்று இருந்தது, 22 வருஷப் பழக்கத்தில் என் கண் முதலில் அங்கேதான் போனது. நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சிலுவை செய்து, அதில் தகப்பன் மார்க்கரால் பெயர் எழுதினார். அவள் சாத்ரி மொழியில் ஒரு பாட்டுப் பாடினாள். பாட்டு புரியவில்லை. 'யீசு' மட்டும் மூன்று முறை வந்தது. ஜெபம் பண்ண ஆயர் இல்லாததால் நானே பண்ணினேன். வார்த்தை வரவில்லை, பரமண்டல ஜெபத்தைச் சொன்னேன்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

2025 ஜனவரியில் சத்தீஸ்கர் பஸ்தாரில் ஒரு போதகர் இறந்துபோனார். அவருடைய மகனின் தாத்தாவும் அத்தையும் அடங்கியிருக்கிற அதே கிராமத்தில் அவரைப் புதைக்கக் கூடாது என்று ஊரார் தடுத்தார்கள். ஜனவரி 7-ல் இறந்தவரின் உடல் மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. மகன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 27-ம் தேதி இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். ஒருவர், குடும்பத்தின் சொந்த நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார். மற்றவர், கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில்தான் செய்ய வேண்டும் என்றார். கடைசியில், உடல் இன்னும் கிடக்கக் கூடாது என்று, இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த வேறொரு கிராமத்தில் அடக்கம் செய்யச் சொன்னார்கள். அந்த வாரம் நம் சபையில் பஸ்தாருக்காக ஜெபித்தோம். எனக்கு அழுகை வந்தது, பக்கத்தில் இருந்த அம்மாவும் அழுதார்கள். உண்மையான கண்ணீர்தான் அது.

ஒன்பது மாதம் கழித்து நம் கேட்டில் நின்றபோது அந்தக் கிராமத்தார் ஞாபகம்தான் எனக்கு வந்தது. அவர்களும் ரூல்தான் சொன்னார்கள். எங்கள் ஊர் வழக்கம் இது, நீ எங்கள் ஆள் இல்லை என்றார்கள். அவர்கள் செய்தால் அநியாயம் என்கிறோம், நாம் செய்தால் நிர்வாகம் என்கிறோம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். திருப்பூரில் ஒரு சென்ட் இடம் என்ன விலை போகிறது, கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்டால் அக்கம்பக்கத்தில் என்ன பேச்சு வருகிறது என்பதெல்லாம் தெரியும். இருக்கிற அங்கத்தினருக்கே இடம் போதாமல், குடும்பக் கல்லறையைத் திரும்பத் திறந்து அடக்கம் செய்கிறோம். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஐம்பது பேர் வருவார்களே என்ற பயமும் சும்மா வந்தது இல்லை.

ஆனால் நம்மையே கொஞ்சம் பார்ப்போம். திருப்பூர்க் கமிட்டிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் நாசரேத், சாயர்புரம், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் எத்தனை? கையில் சபைக் கடிதத்தோடு வந்தோம் என்பீர்கள். சரி, அந்தக் கடிதம் தமிழில் இருந்தது, வாசிக்க ஆள் இருந்தது. நான் தாராபுரத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவள், எனக்கு அந்தக் கடிதம் கூடத் தேவைப்படவில்லை. ஈரோட்டில் பிரப் துரை பெயரில் ரோடும் ஆலயமும் இருக்கின்றன. அவர் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மிஷனரி. கோயம்புத்தூரில் லண்டன் மிஷனின் ஆடிஸ் ஐயர் 1830-ல் வந்து இறங்கியபோது அவரிடம் யார் ரசீது கேட்டார்கள்? கொங்கு நாட்டுச் சபை என்பதே வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததால் உண்டான சபை.

வேதத்தில் விசுவாசிகளின் தகப்பனுக்கே இந்த நிலைமை வந்தது. சாராள் 127 வயதில் இறந்தபோது ஆபிரகாமுக்கு ஒரு குழி அளவு நிலம்கூடச் சொந்தமில்லை. "அந்நியனும் பரதேசியும்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டு ஏத்தின் புத்திரர் முன்னால் நின்றார். அவர்கள் நம் தேவனை அறியாத ஜனங்கள். எங்கள் கல்லறைகளில் நல்லதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், யாரும் தடுக்க மாட்டோம் என்றார்கள். யூதாஸ் வீசி எறிந்த 30 வெள்ளிக்காசை என்ன செய்வது என்று யோசித்த பிரதான ஆசாரியர்கள்கூட, அந்நியரை அடக்கம் பண்ணக் குயவன் நிலத்தை வாங்கினார்கள். இயேசுவைக் கொல்லக் கொடுத்தவர்கள் செய்ததைக்கூட நாம் செய்யவில்லை, ஐயா.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் சுவர் ஓரமாக ஒரு வரிசையை, வெளி மாநிலத்து விசுவாசிகளுக்கு என்று கமிட்டித் தீர்மானம் போட்டு ஒதுக்குங்கள். ஞானஸ்நானச் சான்று எந்த மொழியில் இருந்தாலும், போனில் இருந்தாலும், ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் ஊர்ப் போதகருக்கு ஒரு போன் போட்டால் போதும். அந்த ராத்திரி அதைக்கூட யாரும் செய்யவில்லை. கேட்டில் ஒரு போன் நம்பரை எழுதி வையுங்கள், ஆயர் வெளியூரில் இருந்தாலும் யாராவது எடுக்க வேண்டும். குழி வெட்டும் கூலிக்கு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கலாம். போதாது என்றால் எங்கள் செக்கிங் பிரிவில் இருக்கிற சபைப் பெண்கள் ஆளுக்கு 50 ரூபாய் மாதாமாதம் போடத் தயார். பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர்கள் இரண்டு பேரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. வாரம் ஒரு முறை போன் வருகிறது, அந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். மழையில் அட்டை கரைந்துவிட்டது. அந்த இடத்தில் நான் நாலு செங்கல் வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தி தெரிந்த ஒரு டீச்சரிடம் அந்த ஞானஸ்நானச் சான்றைக் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். குழந்தையின் பெயர், தகப்பன் தாய் பெயர், போதகரின் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அடுத்த கமிட்டி என்றைக்கு என்று சொல்லுங்கள், கொண்டு வருகிறேன்.

கர்த்தருக்குள்,
செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு சபை அங்கத்தினர்,
திருப்பூர்