உப்பில்லாப் பண்டமும் ஒரு மீன் டிப்பும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிய செய்திக்கு நான்கு வரி. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதற்கு இரண்டு பக்கம்! "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று வேறு முடித்திருக்கிறாய். எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு உயிரான மீன் டிப்பை, அதாவது தொட்டுக்கொள்ளும் அந்த மீன் விழுதை, நீ விட வேண்டியதில்லை. டப்பாவில் வருவதை மட்டும் விட்டுவிடு.

அதில் உப்பு பல வாசல் வழியாக நுழைகிறது. புகையூட்டிய மீன், க்ரீம் சீஸ், மயோனைஸ் என ஒவ்வொன்றும் தன் பங்கைக் கொண்டுவரும். நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 5 கிராம் உப்பு. ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. புகையூட்டிய சால்மன் மீன் 100 கிராமில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். பச்சை மீனில் பெரும்பாலும் 100-ஐத் தாண்டாது. ஆகவே பச்சை மீனை வாங்கு. டின் மீன்தான் கிடைக்கிறது என்றால் உப்புச் சேர்க்காததாகப் பார். இல்லையேல் தண்ணீரில் நன்றாக அலசிக்கொள்.

மீனை ஆவியில் வேகவைத்து, ஆறியதும் முள் நீக்கி, கையால் மெல்லப் பிழிந்துவிடு. தண்ணீர் தங்கினால் டிப் நீர்த்துப்போகும். பாதியை நன்றாக மசி; மீதியைச் செதில் செதிலாகவே விடு. பல்லில் ஏதாவது தட்டுப்பட வேண்டாமா? க்ரீமுக்குப் பதில் தயிர். மெல்லிய துணியில் கட்டி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வடியவிட்டால், காலையில் கரண்டியில் அப்படியே நிற்கும். மீனில் பாதி அளவு தயிர் போதும்.

இனி சுவைக்கு வருகிறேன். உப்பு விட்டுப்போன இடத்தைப் புளிப்பும் காரமும் மணமும்தான் நிரப்ப வேண்டும். எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி சேராமல் துருவிப் போடு. சாற்றைக் கடைசியில் பிழி. பொடியாக நறுக்கிய வெங்காயம், துளி பூண்டு, அப்போதே இடித்த மிளகு. புகை மணம் வேண்டுமென்றால் புகையூட்டிய மிளகாய்த் தூள் ஒரு சிட்டிகை. அதில் உப்புக் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பார். கடையில் விற்கும் கடுகு விழுது, கேப்பர்ஸ் என்ற ஊறவைத்த பூமொட்டு பக்கம் போகாதே. இரண்டிலும் உப்பு அதிகம்.

கலந்து ஒரு மணி நேரம் குளிரவிடு. உண்பதற்குக் கால்மணி நேரம் முன் வெளியே எடுத்துவிடு. அதிகக் குளிர்ச்சியில் சுவை மந்தமாகிவிடும். உப்பில்லாமல் முடியவே முடியாது என்றால் சில கற்களை மேலே மட்டும் தூவு. நாக்கில் முதலில் படுவது அதுதான் என்பதால் உள்ளே கலப்பதைவிடக் குறைவே போதும். தொட்டுக்கொள்ள வெள்ளரி, காரட் துண்டுகள். உப்பு போட்ட சிப்ஸை வைத்துக்கொண்டால் இத்தனை பாடும் வீண்.

ஒன்றில் மட்டும் விளையாடாதே. உப்புக்கு மாற்று என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதே.

என் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மீன் முள் இப்போது எனக்குத் தப்புவதில்லை. செய்த டிப்பை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடு. தங்கையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு