மார்கழியில வந்த பக்கம் ஆவணியிலயே வந்திருக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல குளிர்காலத்துக்கு வீட்டையும் தோட்டத்தையும் எப்படி ரெடி பண்றதுன்னு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. மொட்டை மாடிக்கு வாட்டர் புரூஃபிங் பண்ணுங்க, மரக்கிளைய கழிச்சு விடுங்க, மழைத்தண்ணி பைப்ப சுத்தம் பண்ணுங்கன்னு எழுதியிருந்த எல்லாமே சரியான வேலைதான், ஒண்ணும் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அது வந்தது மார்கழி பொறந்து பத்து நாள் கழிச்சு. எங்க கடலூர் பக்கம் அதுக்குள்ள மழையெல்லாம் பெஞ்சு செவுத்துல ஓதம் ஏறியாச்சுங்க.

நமக்கு குளிர்காலம்னா தனியா குளிர் மட்டும் வர்றதில்ல, முன்னாடி ஐப்பசி கார்த்திகை அடைமழை, பின்னாடி மார்கழிப் பனி, ரெண்டும் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி இந்த அக்டோபர் டிசம்பருக்குள்ளதான், எங்கள மாதிரி கடலோர மாவட்டத்துக்கு 60 சதவீதம் வரைக்கும் இதுலயே வந்துடும். அதனால குளிர்கால வேலைன்னு நாம சொல்றதுல முக்கால்வாசி புரட்டாசி முடியறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும், மிச்சம் கால்வாசிதான் நெஜமாவே மார்கழியில செய்ய வேண்டியது. இத யாரும் பிரிச்சு சொல்றதே இல்லங்கறதுதான் என் வருத்தம்.

எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சுல்ல, அன்னிக்கு புதுச்சேரியில மட்டும் ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, எங்க ஊர்லயும் விடாத மழை. எங்க மாடி 1000 சதுர அடி, தண்ணி போக ரெண்டு துவாரம், அதுல ஒண்ண பக்கத்து வீட்டு வாதாமர இலை அடைச்சிருக்கு, நாங்க பாக்கல. 1 செ.மீ. மழை பெஞ்சாலே 1000 சதுர அடி மாடியில 930 லிட்டர் தண்ணி சேரும், அப்போ 45 செ.மீ.ன்னா 40 ஆயிரம் லிட்டருக்கு மேல, கைப்பிடிச் செவுரு நாலு பக்கமும் இருக்கறதால மாடி அப்படியே தொட்டியாயிடுச்சு. நடுராத்திரி, கரண்ட் இல்ல, எங்க வீட்டுக்காரரு டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு கம்பியால அந்த துவாரத்த குத்திக்கிட்டு இருந்தாரு, நான் கீழ இருந்து உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆவணியில ஒரு நாள் காலையில பத்து நிமிஷம் துடைப்பத்தோட மேல ஏறியிருந்தா போதும்.

அதோட நிக்கல. நாலு நாள் வெயில் அடிச்சதும் அவசர அவசரமா ஒருத்தர கூப்பிட்டு மாடிக்கு கோட்டிங் அடிச்சோம், காஞ்சுடும்மா கவலப்படாதீங்கன்னாரு, 15 ஆயிரம் கொடுத்தோம். உள்ள ஊறியிருந்த ஈரம் போக வழியில்லாம சித்திர வெயில்ல அப்பளம் மாதிரி உப்பி உப்பி உரிஞ்சு வந்துடுச்சு. அந்த கோட்டிங் தளம் நல்லா காஞ்சு கெடக்கறப்ப அடிக்க வேண்டியது, சித்திரை வைகாசிதான் அதுக்கு நேரம், தள்ளிப்போனா ஆவணி, அதுவும் மழை இல்லாத வாரமா பாத்து. இத அந்தக் கட்டுரையில ஒரு வரி போட்டிருந்தா இந்த வாரம் எத்தனையோ பேர் காசு மிஞ்சும்.

மரம் விஷயமும் அப்படித்தான். தென்னை மட்டைய கழிக்கணும், காய இறக்கணும்னு கார்த்திகையில கூப்பிட்டா மரம் ஏறுறவரு வர மாட்டாரு, "காத்து மாசத்துல ஏறச் சொல்லாதீங்கக்கா, மரம் பாசி பிடிச்சு வழுக்குது"ன்னு சொல்றாரு, அவரு சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். அவர புரட்டாசியிலயே கூப்பிடணும். முருங்கை இன்னும் மோசம், கிளை பொசுக்குனு ஒடியும், அதுவும் கூரை மேலயோ கரண்ட் கம்பி மேலயோதான் விழும். கம்பிய ஒட்டின கிளைன்னா நாமளே அருவா எடுத்துடக் கூடாது, மின்வாரியத்துல சொல்லி லைன நிறுத்திட்டுத்தான் வெட்டணும். மார்கழி வந்தாச்சு இனி புயல் இல்லன்னும் இருந்துட முடியாது, தானே புயல் அடிச்சது 2011 டிசம்பர் 30 விடியக்காலையில, பாதி மார்கழி ஓடிப்போச்சு அப்ப. பண்ருட்டி பலாவும் முந்திரித் தோப்பும் வேரோட சாஞ்சு கெடந்தத பாத்தவங்க நாங்க.

தோட்டத்துல விதைக்கறதும் முன்கூட்டி யோசிச்சாத்தான் உண்டு. பொங்கலுக்கு அவரையும் மொச்சையும் வேணும்னா ஆடியிலயே விதை போட்டிருக்கணும். மார்கழிக் கோலத்துல சாணி உருண்டை மேல வைக்க பூசணிப்பூ வேணும்னு மார்கழி முதல் நாள்தான் எங்க தெருவுல தேடுவாங்க, பூசணி விதைச்சு பூக்க ஒண்ணரை மாசம் ஆகும்ங்க, புரட்டாசி கடைசியில மேடான இடமா பாத்து நட்டா சரியா வரும். முதல்ல வர்றது ஆண் பூதான், அதப் பறிச்சா காய் ஒண்ணும் கொறையாது.

நெஜமான பனிக்கால வேலைன்னா அது வேற. நவம்பர் கடைசி வாரத்துல மல்லிச் செடிய தரையில இருந்து ஒண்ணரை அடி விட்டு மேல இருக்கற கிளையெல்லாம் வெட்டி கவாத்து பண்ணி, எரு போட்டு விட்டா பங்குனியில பூ அள்ளலாம். மாமரத்துக்கு மார்கழியில தண்ணி விடக் கூடாது, இது தெரியாம ரெண்டு வருஷம் பாவம் வாடுதேன்னு குடம் குடமா ஊத்தினேன், பூக்க வேண்டிய மரம் பளபளன்னு கொழுந்து விட்டு நின்னுச்சு. பூ பூத்து பிஞ்சு பிடிச்சப்புறம்தான் தண்ணி. அவரைக் கொடியில பனி நேரத்துல கருப்பு கருப்பா அசுவினிங்கற சாறு உறிஞ்சுற பூச்சி அப்பும், 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்பு கரைசல் கலந்து சாயங்காலமா இலைக்கு அடியில படுற மாதிரி அடிச்சா கட்டுப்படும்.

கொசு பத்தி உங்க பக்கத்துல ஒரு வரிகூட இல்ல, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. பின்கட்டுல யாரும் ஆட்டாத ஆட்டுக்கல் குழி, தொட்டிக்கு அடியில வெச்ச தட்டு, தேங்காத் தொட்டி, இதுல நிக்கற தண்ணியிலதான் டெங்கு கொசு வளருது, முட்டையில இருந்து கொசுவா பறக்க ஏழுல இருந்து பத்து நாள் போதும். தண்ணிய கொட்டினா மட்டும் போதாது, ஓரத்துல ஒட்டின முட்டை காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாம கெடக்கும், வாரம் ஒரு நாள் தேச்சுக் கழுவணும். நாங்க ஆட்டுக்கல் குழியில மண்ணப் போட்டு துளசி வெச்சுட்டோம். அப்புறம் 2003ல எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினப்ப கட்டின மழைநீர் சேகரிப்புத் தொட்டி, அதுல வடிகட்டப் போட்ட ஜல்லியும் மணலும் எத்தனை பேர் வீட்டுல அதுக்கப்புறம் ஒரு தடவையாவது எடுத்து அலசியிருப்பாங்க? சேறு அடைச்சா தண்ணி உள்ள இறங்காது, வாசலுக்குத்தான் வரும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கறதும் ஈரச் செவுத்து மேல அடிச்சா மாசியிலயே பொரிஞ்சு கொட்டும், ஆளுங்களும் அப்ப கெடைக்க மாட்டாங்க, கார்த்திகையிலயே சொல்லி வெக்கணும். போகிக்கு எரிக்கற சருகையும் ஒரு குழியில போட்டா சித்திரைக்குள்ள நல்ல எருவாகும்.

அதனால என் வேண்டுகோள் இதுதான். வர்ற ஆவணி முதல் வாரம் தமிழ் மாசக் கணக்குல ஒரு பக்கம் போடுங்க, கடலோரத்துக்கு தனியா, கோவை தேனி பக்கத்துக்கு தனியா, உறைபனிக்கு செடிய மூடி வெக்கற நீலகிரிக்கு தனியா. வேளாண் பல்கலைக்கழகத்துல இருக்கறவங்க, ஒரு நல்ல கொத்தனாரு, ஒரு மரம் ஏறுறவரு மூணு பேரையும் கேட்டு எழுதுங்க. அதக் கத்தரிச்சு அடுப்படிக் கதவுல ஒட்ட நான் இப்பவே இடம் ஒதுக்கி வெச்சுட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
நெல்லிக்குப்பம்.